சிங்க்திங்கில் சர்வர் வேகத்தைப் பங்கு வைப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ, புதுச்சேரி நெல்லித்தோப்பில் அதன் எடிட்டிங் அறை, வில்லியனூரில் ஆல்பம் டிசைன் செய்பவரின் வீடு. கல்யாண வீடியோக்கள் மூன்று இடத்திலும் இருக்க வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு வாடகை சர்வர். முகூர்த்தத்துக்கு மறுநாள் எல்லாரும் சர்வரையே மொய்ப்பதால் யாருக்கும் வேகம் இருக்காது. பெரிய சர்வர் வாங்க வேண்டியதில்லை, இருக்கும் வேகத்தைச் சரியாகப் பிரித்தால் போதும். கணினிகளுக்கு இடையே ஃபோல்டர்களை ஒரேமாதிரி வைத்திருக்கும் மென்பொருளான சிங்க்திங்கை எல்லாவற்றிலும் நிறுவி, ஃபோல்டரையும் பகிர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கணினிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துங்கள்

பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒவ்வொரு கணினியிலும் சர்வரை மட்டும் சேர்த்திருப்பார்கள். அப்போது நெல்லித்தோப்பில் ஃபைல் முழுசாக இருந்தாலும் வில்லியனூருக்கு அங்கிருந்து வராது. இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாதே! மூன்று கணினியிலும் சர்வருக்கான 'எடிட்' திறந்து, 'ஷேரிங்' பகுதியில் 'இன்ட்ரொடியூசர்' டிக் செய்யுங்கள். அதே ஃபோல்டரைப் பகிரும் மற்ற கணினிகள் தானாகச் சேர்ந்துவிடும். சர்வர் பக்கம் இந்த டிக் வேண்டாம். இரண்டு பக்கமும் போட்டால், நீக்கிய கணினி திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

2. இணைப்பு வகையைப் பாருங்கள்

சிங்க்திங்கில் மற்ற கணினிகளின் இணைப்பு வகை 'டிசிபி' அல்லது 'குயிக்' என்றிருந்தால் நேரடி இணைப்பு. 'ரிலே' என்றால் வேறொருவரின் சர்வர் வழியாகச் சுற்றிவருகிறது, வேகம் இருக்காது. ரவுட்டரில் 22000 போர்ட்டை (இணைப்பு வந்துபோகும் வாசல்) டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிரும் இணைப்பாக இருந்தால் இது பலிக்காது. புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

3. சர்வரில் வரம்பு வையுங்கள்

என் கணக்கு எளிது: மற்ற கணினிகளிடமிருந்து நேரடியாக வாங்க முடியாதவருக்கே சர்வர். மற்ற இரண்டு இடங்களோடு வில்லியனூர் இன்னமும் ரிலேயில் நிற்கிறது என்றால் அதற்கு வரம்பு வேண்டாம், 0 என்றே விடுங்கள். மற்ற இரண்டுக்கும் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'அவுட்கோயிங் ரேட் லிமிட்' குறைவாக வையுங்கள். ஒரு ஃபைலின் துண்டுகளைக் கேட்கும்போது, கையில் வேலை குறைவாக உள்ள கணினியைத்தான் சிங்க்திங் தேர்ந்தெடுக்கும். சர்வர் மெதுவாகக் கொடுத்தால் அதன் பக்கம் கோரிக்கைகள் தேங்கும். அடுத்தவை நேரே மற்ற இடத்துக் கணினிக்குப் போகும்.

இங்கே அலகைக் கவனியுங்கள். பிராட்பேண்ட் திட்டத்தில் இருப்பது மெகாபிட், சிங்க்திங் கேட்பது கிபிபைட் (1,024 பைட்). மெகாபிட்டை 122ஆல் பெருக்குங்கள்: 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட்) வேண்டுமென்றால் 610. வெறும் 5 என்று போட்டால் ஒரு வீடியோவே நாள்கணக்கில் இழுக்கும்.

வேக வரம்புக்கென்று தனி மென்பொருள் எதுவும் போடாதீர்கள். அது பெரும்பாலும் ஆளுக்கேற்றபடி பிரிக்காமல் மொத்தத்தையும் நெரித்துவிடும்.

பின்சேர்க்கை: ஒரே அறையில் உள்ள இரு கணினிகளுக்கு இடையிலும் வரம்பு பாயுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பாயாது, 'லிமிட் பேண்ட்விட்த் இன் லேன்' டிக் செய்யாதவரை. இன்னொருவருக்கு எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் போகும் பாதுகாப்பான வழி) மூலம் சர்வரின் சிங்க்திங் திரையைத் திறந்தால் தன் கணினியின் திரையே வந்ததாம். இரண்டும் 8384 போர்ட்டில் ஓடுவதுதான் காரணம். டனலில் உங்கள் கணினிக்கான போர்ட் எண்ணை 9090 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.