ஃபேஸ் எது, நியூட்ரல் எது? எர்த்தை வைத்துப் பாருங்கள்

வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டேஜில் 600 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை ஒவ்வொரு வயரிலும் வையுங்கள். 230 வோல்ட் சப்ளையில், ஃபேஸ் வயர் 230-ஐ ஒட்டிக் காட்டும். நியூட்ரல் பெரும்பாலும் ஓரிரு வோல்ட்டைத் தாண்டாது. மீட்டரின் உலோக முனையில் மட்டும் விரல் படக்கூடாது.

நியூட்ரல் சப்ளை புறப்படும் இடத்திலேயே எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. நிறமோ ஏமாற்றும்: பழைய மூன்று ஃபேஸ் வயரிங்கில் நீலம் ஒரு ஃபேஸ், இன்றைய சர்வதேச முறையில் அதே நீலம் நியூட்ரல்!

டெஸ்டர் பிளக் பாயிண்ட்டின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டு துளையிலும் எரிகிறதா? இரண்டுமே ஃபேஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ விட்டுப்போய், ஆன் செய்த விளக்கு அல்லது ஃபேன் வழியாகக் கரண்ட் அந்த வயருக்கு வந்திருக்கும். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். எதில் டெஸ்டர் அணைந்துவிடுகிறதோ அதுதான் நியூட்ரல். ஆனாலும் மெயினை அணைக்காமல் அதைத் தொடக்கூடாது, ஃபேஸ் போலவே ஷாக் அடிக்கும்.

எர்த் இணைப்பு இல்லாத வீட்டில் இந்த மீட்டர் சோதனை செல்லாது. சிறிய ஜெனரேட்டரிலும் சில யுபிஎஸ்களிலும் இரண்டு வயருமே பாதி வோல்ட்டேஜ் காட்டலாம். சோதிக்கும் முன் ஒருமுறை, முடித்தபின் ஒருமுறை, நிச்சயமாகக் கரண்ட் உள்ள பாயிண்ட்டில் வைத்து மீட்டர் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.