இரட்டைத் தையல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கும்பகோணத்தில் 32 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். யாராவது பழைய சட்டை ஒன்றை ஆல்ட்டர் பண்ணக் கொண்டுவந்து மேஜையில் போட்டால், போட்டுக்கொண்டவர் என்ன வேலை பார்க்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். வலது தோளில் மட்டும் துணி நைந்திருந்தால் கனமான பை மாட்டுகிறவர். முழங்கை தேய்ந்திருந்தால் மேஜையில் ஊன்றி எழுதுகிறவர். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டிய தையல் தெரிந்தால், அங்கே ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. இந்தப் பழக்கம் வீட்டில் பிள்ளைகள் செய்து வைக்கிற விநோத சாமான்களுக்கும், எந்த ஊர் என்றே தெரியாத பழைய போட்டோவுக்கும் அப்படியே உதவுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகள் செய்யும் சாமான். குச்சி, டேப், ஷாம்பு பாட்டில் மூடி, என் கடை வெட்டுத்துணி எல்லாம் சேர்ந்து ஏதோ ஒன்று நடுக்கூடத்தில் நிற்கும். பார்த்ததும் "இது என்னடி?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் "சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடும், இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த பதிலாகப் பார்த்துச் சொல்லும். நாமே ஒரு பெயர் வைப்பது அதைவிட மோசம். என் பேத்தி செய்த ஒன்றைப் பார்த்து ஒரு தடவை "அழகா இருக்கே, ராட்டினமா?" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அது கட்டிலுக்கு அடியில் போன பந்தை எடுக்கிற கருவி என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. பாட்டி மனசு வாடிவிடக் கூடாதே என்று அவள் பொய் சொல்லியிருக்கிறாள்.

கேட்கவேண்டுமென்றால் "இதை எங்கே பிடிக்கணும்?" என்று கேளுங்கள். "இது எப்போ வேலை செய்யும்?" என்றும் கேட்கலாம். இந்த இரண்டுக்கும் பொய் சொல்லத் தோன்றாது.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொன்னால் புரியும். காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் கம்பியில் ஒரு மூங்கில் துண்டு தொங்குகிறது. ஒட்டடைக் கம்பிலிருந்து ஒடித்தது, இரண்டு சாண் நீளம் இருக்கும். நடுவில் இல்லாமல் கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளி, ஏறி இறங்கும்படி நூலால் கம்பியில் கட்டியிருந்தாள். கம்பிக்கு வெளியே நீண்ட முனையில் மூன்று நூல் போட்டு ஒரு கொட்டாங்குச்சி. உள்பக்கம் துணியில் மூட்டையாகக் கட்டிய கூழாங்கல். உள்முனையிலிருந்து ஒரு நூல் கீழே இறங்கி, அலமாரி விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த எவர்சில்வர் மூடிக்குப் போயிற்று.

என் மகள் தராசு என்றாள். மாப்பிள்ளை தூண்டில் என்றார். நானும் முதலில் தராசு என்றுதான் நினைத்தேன். ஆனால் தராசு என்றால் இரண்டு பக்கமும் தட்டு வேண்டாமா? இங்கே ஒரு பக்கம் கல்லைத் துணியோடு முடிச்சுப் போட்டுக் கட்டியாகிவிட்டது. அதன் கனம் மாறப்போவதே இல்லை. மாறுவது கொட்டாங்குச்சிப் பக்கம்தான். அதில் என்னவோ வந்து விழவேண்டும் அல்லது நிறையவேண்டும்.

கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண் இருக்கிற பாதி அது. ஓட்டையில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்திருந்தாள். அரிசியோ கம்போ போடுவதற்கு யாரும் மெழுகு வைக்கமாட்டார்கள். அப்படியானால் தண்ணீர். வெளியே தொங்குகிற ஓட்டில், ஐப்பசி மாதத்தில், தானாக வந்து சேர்கிற தண்ணீர் என்றால் அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

அதோடு நிறுத்தாமல் மூங்கிலையும் பாருங்கள். கல் தொங்கும் பக்கத்தில் பேனாவால் போட்ட மூன்று கோடு. கல்லை நகர்த்தி நகர்த்தி மூன்று தடவை சோதித்திருக்கிறாள். கடைசியாக நின்ற இடம், கம்பியில் நூல் கட்டிய இடத்திலிருந்து நாலு விரற்கடை. கொட்டாங்குச்சி பன்னிரண்டு விரற்கடையில். கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஓட்டின் எடையையும் சேர்த்து, வந்துவிட்டால் போதும், வெளிமுனை இறங்கிவிடும். எங்கள் அப்பா காலத்தில் கிணற்றில் தண்ணீர் இறைத்த ஏற்றம் மாதிரிதான். அவள் ஏற்றத்தைப் பார்த்ததே கிடையாது. மூடியில் நூல் ஒட்டிய இடத்தில் மட்டும் டேப் மூன்று சுற்று. அங்கேதான் இழுவை விழுகிறது, அங்கேதான் ஏற்கெனவே பிய்ந்திருக்கிறது. ஆக, வேலை முடிகிற இடம் அந்த மூடி. அது கீழே விழுந்து சத்தம் போடவேண்டும்.

அவளிடம் அனுமதி வாங்கி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மூடி ணங்கென்று விழுந்தது. மொட்டைமாடிக் கொடியில் யூனிபார்ம் நனைந்ததற்கு முந்தின வாரம் அவள் வாங்கிய திட்டு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "மழை இவ்ளோ வேகமா வராது அம்மாச்சி, மெதுவா ஊத்து" என்றாள். உங்கள் ஊகத்தைச் சோதிக்கும்போது இதையும் மனதில் வையுங்கள். உண்மையில் அது எந்த வேகத்தில் நடக்குமோ அந்த வேகத்தில் செய்து பார்க்கவேண்டும்.

இனி போட்டோ. என் தாய்மாமாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. அம்பாசடர் காரின் முன்னால் மாமாவும் இரண்டு நண்பர்களும். பின்னால் மலைச்சரிவை ஒட்டி வளைவு வளைவாக ஒரு கல் பாலம். அட்டையின் பின்பக்கம் '1978 ஜனவரி' என்று பேனா எழுத்து. வீட்டில் எல்லோரும் அதை ஊட்டி என்றே சொல்லிவந்தோம். காவிரிக் கரைக்காரர்களுக்கு மலை என்றால் ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். மூன்றாவது மலை சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

அழகான இடத்தின் படத்தில் கண் நேராக அந்த அழகுக்குத்தான் போகும். பாலத்தையும் மலையையும் கொஞ்ச நேரம் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிறதைப் பாருங்கள். நான் தையற்காரி, சட்டையைப் பார்த்தேன்.

மாமாவின் சட்டைப்பை வலது மார்பில் இருந்தது. தைத்தவன் தப்பு என்று நினைத்தேன். பார்த்தால் மூன்று பேருக்கும் வலது பக்கம்! ஆண்கள் சட்டையில் காஜா இடது பக்கப் பட்டியில் வரும், அது மேலே மூடும். இங்கே பெண்கள் சட்டை மாதிரி வலது பட்டி மேலே. கைக்கடிகாரம் வலது கையில். காருக்குள் ஸ்டியரிங் இடது பக்கம். நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் வீட்டில் இருந்த படம், ஒருவரும் கவனிக்கவில்லை. பழைய போட்டோ எதுவாக இருந்தாலும் முதலில் பையையும் பட்டனையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இடது வலது எல்லாமே தப்பாகப் போகும்.

படத்தை அலமாரிக் கண்ணாடியில் காட்டினேன். ஓரத்தில் ஒரு பெட்டிக்கடைப் பலகை, நாங்கள் தெலுங்கு என்று விட்டுவைத்திருந்த எழுத்து, மலையாளமாகத் திரும்பியது. 'சாய' என்று படிக்க முடிந்தது. டீக்கடை.

உடனே கேரளம் என்று முடிவுகட்டவேண்டாம். கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தவை. பலகையின் மொழி திசையைத்தான் காட்டும். அடுத்த அடையாளம் வேண்டும். மரங்களைப் பார்த்தேன். ஒரே பருமனில் வரிசையாக நட்ட மரம், ஒவ்வொன்றின் இடுப்பிலும் கறுப்பாக ஒரு பிறை. பேத்தியின் கொட்டாங்குச்சி இல்லாவிட்டால் எனக்குப் புரிந்தே இருக்காது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய ஓடு அது. ஊட்டிக் குளிரில் ரப்பருக்கு என்ன வேலை?

அப்புறம் ஆட்கள். மூவருக்கும் தாடி, கழுத்தில் மணிமாலை, அடர் நிற வேட்டி. ஜனவரி வேறு. மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போகிற வழி. பின்னால் எழுதிய மாதம் பிரிண்ட் வாங்கிய மாதமாகவும் இருக்கலாமே என்று சந்தேகம் வந்தால் நிழலைப் பாருங்கள். நம் பக்கத்தில் சூரியன் வருஷத்தில் இரண்டு நாள் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் குட்டையாகத் தெற்கே விழும். தெற்கத்திப் பக்கம் ஜனவரி நடுவில் ஐந்தரை அடி ஆளுக்கு உச்சிவேளையிலும் மூன்றடிக்கு மேல் நிழல் இருக்கும், வடக்கே. மாமாவின் நிழல் அவர் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தது. தேதியோடு ஒத்துப்போகிறது. ஆனால் காலையிலும் மாலையிலும் எந்த மாதமானாலும் நிழல் நீளும், அதனால் இது மட்டும் முழுச் சாட்சி ஆகாது.

பாலத்தின் மேலே தந்திக்கம்பங்கள் வரிசையாகப் போகின்றன. ரயில் பாதையாக இருக்கவேண்டும். கம்பம், கூடலூர் வழியாகப் போயிருந்தால் குமுளியில் ரயிலே கிடையாது. என் தம்பி கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலம் என்று ஒற்றைக் காலில் நின்றான். அந்தப் பக்கமும் ரப்பர் உண்டு, மலையாளமும் உண்டு, நல்ல ஊகம்தான். ஆனால் மாத்தூரில் மேலே ஓடுவது தண்ணீர், கீழே இருப்பது வளைவு இல்லை, உயர உயரமான தூண்கள். மிச்சம் இருந்தது செங்கோட்டை, ஆரியங்காவு வழி ஒன்றுதான்.

எங்கள் தெருவில் ரிட்டையர்ட் ரயில்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் என் ஊகத்தைச் சொல்லாமல் படத்தை மட்டும் நீட்டினேன். இதில் கவனமாக இருக்கவேண்டும். ஊர்ப் பெயரை நாம் முதலில் சொல்லிவிட்டால் எதிராளிக்கும் அந்த ஊராகத்தான் தெரியும். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு வளைவுகளை எண்ணினார். பத்து தெரிந்தது, மீதி மரத்துக்குப் பின்னால். "கழுதுருட்டி. பதிமூணு கண் பாலம். ஆனா திசை மாறியில்ல இருக்கு?" என்றார். சாட்சி என்றால் இப்படி இருக்கவேண்டும்.

புனலூர், செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதைக்காக 1904-க்குள் கட்டி முடித்த பாலம் அது. 2010-ல் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி, 2018-ல் திறந்து, இப்போதும் அதன் மேலேதான் ரயில் போகிறது. இன்றைக்கு எடுத்த படங்களைத் தேடி, மாமாவின் படத்தைப் புரட்டிப் போட்டுப் பக்கத்தில் வைத்தேன். சாலை வளைகிற விதமும் மலைச்சரிவு பாலத்தில் வந்து முட்டுகிற கோணமும் பொருந்தின. புரட்டாமல் வைத்தால் பொருந்தவே இல்லை. அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னை விட்டுட்டு ஊட்டிக்குப் போனாருன்னு இத்தனை வருஷமா அந்த மனுஷன்கிட்ட கோவிச்சிக்கிட்டேனே" என்றார்.

கலர் போட்டோவானால் வேலை பாதிதான். மைல்கல்லின் தலை மஞ்சளானால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையானால் மாநில நெடுஞ்சாலை. ரயில் நிலையப் பலகை விழுந்திருந்தால் அடியில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று இருக்கும், பூதக்கண்ணாடி போதும். வண்டி எண்ணில் டிஎன் என்று தொடங்கி ஆர்டிஓ ஆபீஸ் எண் வந்தால் 1989-க்குப் பிந்திய படம்.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். சில பழைய கோயில் சுவர்களில் நீளமாக ஒரு கோடும் இரண்டு முனையிலும் கூட்டல் குறியும் வெட்டியிருக்கும். அது நிலம் அளக்கிற கோலின் நீளம் என்று விடை தெரியும். ஆனால் ரோமானியர் காலத்து வெண்கலப் பன்னிரண்டு முகப் பொருள் ஒன்று உண்டு. முகத்துக்கு ஒரு ஓட்டை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு, மூலைக்கு மூலை குமிழ். ஐரோப்பாவில் நூற்றுக்கு மேல் கிடைத்தும் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கையுறை விரல் பின்னுவதற்கு என்று ஒரு கட்சி. எனக்கு ஒப்பவில்லை. விரலின் அளவைத் தீர்மானிப்பது குமிழ்களுக்கு நடுவே உள்ள தூரம். அது எல்லா முகத்திலும் ஒன்றுதான், பிறகு ஓட்டைக்கு எதற்கு வேறு வேறு அளவு? நூல் ஓடிய தேய்மானமும் பெரிதாக இல்லை என்கிறார்கள். என் கடைத் தையல் மெஷினில் அடிநூல் வைக்கிற பாபின் கேஸில்கூட நூல் தடம் விழுந்திருக்கிறது.

இப்போது எங்கள் ஜன்னலோரத்தில் புதிதாக ஒன்று நிற்கிறது. செருப்பில் வெட்டிய இரண்டு சக்கரம், நடுவில் என் பழைய அளவு டேப், ஒரு முனையில் கண்ணாடி வளையல். மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒட்டுகிற டேப் எங்குமே ஒரே சுற்றுதான், ஒரு கோடு, ஒரு கீறல் இல்லை. இன்னும் ஒரு தடவைகூட உடையவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை லீவு. அதற்குள் எங்கேயாவது பிய்த்துக்கொள்ளும், பார்க்கலாம்.