கெட்டுப்போன மனையைச் சுத்தம் செய்ய அரசிடம் கேட்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் பத்திரம், மனு எழுதுவது என் தொழில். இந்தக் கேள்வியோடு அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள்.

பழைய குப்பைமேடு என்றால் தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டம் 2.0 இருக்கிறது. ஒரு லட்சம் பேருக்குக் குறைவான ஊர்களுக்கு மத்திய அரசின் பங்கு 50 சதவீதம். பணம் நகராட்சிக்குத்தான் வரும், கவுன்சிலரைப் பிடியுங்கள்.

ஆலைக் கழிவு ஊறிய மண்ணுக்கு வழி வேறு. மாசுபட்ட இடங்களுக்கென 2025 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும். அவர் யாரென்று தெரியவில்லை, அல்லது அவரால் கட்ட முடியவில்லை என்றால்தான் அரசுகள் ஏற்கும். அதனால் முதலில் வில்லங்கச் சான்று போடுங்கள், முப்பது வருஷத்துக்கு. பட்டறைக்கோ ஆலைக்கோ குத்தகை பதிவாகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். மனுவுக்கு இதுதான் உயிர்நாடி.

அப்புறம் மனு. சர்வே எண், புலப்படம் (மனையின் அளவு வரைபடம்), மழை பெய்த மறுநாள் தேங்கிய நீரின் நிறம் தெரியும் படம், பக்கத்துக் கிணற்றின் நிலை எல்லாம் இருக்கட்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல். ஆய்வு முடியும்வரை அந்த மண்ணை யாரையும் அள்ள விடாதீர்கள்.