நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மாத்திரை: காலையில் கொடுங்கள், வாசலில் கட்டுங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் நாய் மணி வாசலில் படுக்கமாட்டான். அடுப்படியில் சாக்கைப் பிறாண்டி, அதன் மேல் சுருண்டுகொள்வான். அந்தச் சூடு அவனுக்கு எவ்வளவு இதமோ, அவன் முடிக்குள் இருக்கும் தெள்ளுக்கும் அவ்வளவு இதம். கூடலூர்க்காரர்களுக்கு இதே கதை ஆடி மழையிலேயே ஆரம்பித்துவிடும்.

குளிரும் மழையுமாக இருக்கும்போது நாயைக் குளிப்பாட்டிக் காயவைப்பது பெரும்பாடு. அதனால்தான் இங்கே வாய்வழி மாத்திரை நல்ல வழி. மருந்து ரத்தத்தில் கலக்கிறது, கடிக்கிற தெள்ளு ரத்தத்தோடு அதையும் குடித்துச் சாகிறது. நாய் மழையில் நனைந்தாலும் மருந்து வீணாகாது.

1. தெள்ளுதானா என்று பாருங்கள்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் உண்ணி என்றுதான் பேர். உண்ணி தோலைக் கவ்விக்கொண்டு ஒரே இடத்தில் வீங்கும். தெள்ளு பழுப்பாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், முடிக்குள் ஓடும். பிடிக்கப் போனால் தாவும். வால் முளைக்கிற இடத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் தேடுங்கள்.

பூச்சி கண்ணில் படவில்லையா? பேன் சீப்பால் முதுகை வாரி, விழுகிற கருந்தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம். நாயின் ரத்தம்தான் அப்படிக் காய்ந்து கிடக்கிறது. குட்டியாக இருந்தால் பல் ஈறையும் பாருங்கள். வெளுத்திருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

2. எடை போடுங்கள்

மாத்திரை எடைக்கணக்கில்தான் வரும். மணி எட்டு கிலோ இருப்பான் என்று நான் அடித்துச் சொன்னேன். தேயிலை எடை போடும் கொக்கித் தராசில் பையோடு மாட்டிப் பார்த்தால் பதினொன்றரை! நெக்ஸ்கார்டு என்ற தெள்ளு மாத்திரையில் 4.1 முதல் 10 கிலோ வரை ஒரு பெட்டி, 10.1 முதல் 25 வரை வேறு பெட்டி. கண்மதிப்பை நம்பியிருந்தால் பாதி மருந்துகூடப் போயிருக்காது. தராசு கிடைக்காவிட்டால், நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

3. எந்த மாத்திரை

இரண்டு வகை. நைட்டென்பைரம் என்பது அவசரத்துக்கு. அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நாய் மேலிருக்கும் பெரிய தெள்ளுகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். நான்கு வாரம் ஆன, ஒரு கிலோ தொட்ட குட்டிக்கும் கொடுக்கலாம். ஆனால் ஓரிரு நாளில் அதன் வீரியம் போய்விடும்; உண்ணியை ஒன்றும் செய்யாது.

இன்னொரு வகை, நாள்பட நிற்பவை. நெக்ஸ்கார்டு, சிம்பாரிகா மாதம் ஒன்று. பிரவெக்டோ பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. இவையும் சில மணி நேரத்தில் தெள்ளைக் கொல்லத் தொடங்கும், ஒரு நாளுக்குள் முடிக்கும். உண்ணியையும் கொல்லும். தேயிலைச் செடிக்குள் புகுந்து திரிகிற நம் நாய்களுக்கு இந்த வகைதான் தோது என்பேன். ஒன்று மட்டும் கவனம்: நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2018இல் எச்சரித்திருக்கிறது. சினை நாய், பால் கொடுக்கிற நாய், சின்னக் குட்டி என்றாலும் கேட்டுவிட்டுத்தான். நாயின் மாத்திரையைப் பூனைக்குக் கிள்ளிக் கொடுக்காதீர்கள்.

4. கொடுக்கும் நாள்

சாயங்காலம் வேண்டாம். வானம் வெளுத்த ஒரு காலையில், சாப்பாட்டோடு கொடுங்கள். மணிக்கு ராகிக் களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். களியைத் தின்றுவிட்டு, மாத்திரையை விறகு அடுக்குக்குப் பின்னால் துப்பிவிட்டு வந்தான். கோழி ஈரலில் வைத்த பிறகுதான் உள்ளே போனது. விழுங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வாந்தி எடுத்தால் இன்னொன்றைத் திணிக்காமல் டாக்டருக்கு போன் போடுங்கள்.

அப்புறம் வாசலில் கட்டி, அடியில் பழைய வெள்ளை வேட்டியை விரியுங்கள். கொஞ்ச நேரத்தில் நாய் முன்னைவிட மோசமாகச் சொறியும், சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொள்ளும். பயப்படவேண்டாம், சாகிற தெள்ளு துடிப்பதால் வருகிற அரிப்பு அது. வேட்டியில் மிளகுத்தூள் மாதிரி உதிரும். சில கால் உதைத்துக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீர் வாளியில் உதறிவிடுங்கள்.

5. இனிமேல்தான் வேலை

முதல் தடவை நான் நாலாவது படியோடு நிறுத்திக்கொண்டேன். பத்தே நாளில் என் கணுக்காலில் வரிசையாகத் தடிப்பு. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது ஐம்பது முட்டை போடும். அவை முடியில் ஒட்டாது, நாய் போகிற இடமெல்லாம் உதிரும். பலகைத் தரையின் இடுக்கில் புழுவாகி, கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிபடுவது இதனால்தான். வாய்வழி மாத்திரை இந்த முட்டையையும் கூட்டையும் தொடவே தொடாது.

சாக்கைக் கொளுத்திவிடுங்கள். கம்பளியைக் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பலகை இடுக்கு, கட்டிலடி, விறகு மூலை எல்லாம் கூட்டி, குப்பையை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். வீட்டில் இரண்டு நாய் என்றால் ஒரே நாளில் இரண்டுக்கும் மருந்து. பூனைக்கு அதற்கான மருந்தைத் தனியாகக் கேளுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் கூட்டில் இருப்பதும் வெளியே வந்து, கடித்து, சாகும்.

மண்ணெண்ணெய் தடவுவது, மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை நாய்மேல் ஊற்றுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். கோலி வகை நாய்க்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

தெள்ளு ஒழிந்த பிறகு நாயின் மலத்தில் அரிசி போல ஏதாவது நெளிகிறதா என்று பாருங்கள். கடித்துப் பிடிக்கையில் விழுங்கிய தெள்ளு வழியாக வந்த நாடாப்புழு அது. தெள்ளு மாத்திரை அதைத் தீர்க்காது, குடற்புழு மருந்து வேறு. டாக்டரிடம் கேட்கும்போது தராசு காட்டிய எடையைச் சொல்லுங்கள்.