கும்பகோணத்தில் ஒரே அறை, நான்கு நாள்: பிள்ளைகளோடு கையைக் கடிக்காத டூர்

குடும்பத்தோடு ஊர் சுற்றுவதில் பணம் எங்கே கரைகிறது என்று பார்த்தால், சாப்பாட்டிலோ டிக்கெட்டிலோ இல்லை, தினம் ஓர் ஊரில் அறை போடுவதிலும் நாள் முழுக்க வாடகைக் கார் வைத்துக்கொள்வதிலும்தான். இந்த இரண்டையும் விட்டுவிட்டாலே பாதிச் செலவு குறையும். அதற்கு ஒரே ஊரில் தங்கி, அங்கிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பி வர வேண்டும், அப்படிப்பட்ட ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு என் முதல் தேர்வு கும்பகோணம். மெயின் லைன் ரயில் ஊருக்குள்ளேயே வருகிறது, ஒரு பக்கம் தஞ்சாவூர், இன்னொரு பக்கம் மயிலாடுதுறை, டவுன் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மே மாதம் வேண்டாம். கோயில் பிராகாரக் கல்லில் செருப்பில்லாமல் நடக்கும் குழந்தையின் கால் பொரிந்துவிடும், அப்புறம் எதைக் காட்டினாலும் அதன் மனதில் நிற்காது. காலாண்டு விடுமுறை நல்லது, மேட்டூர் திறந்திருந்தால் காவிரியிலும் தண்ணீர் ஓடும். அரையாண்டு விடுமுறை என்றால் மழையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழமையும் முக்கியம். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் சனி, ஞாயிறில் ஊரை நிறைத்துவிடுவார்கள், முகூர்த்த நாளில் லாட்ஜ்களில் அறையே கிடைக்காது. காலண்டரில் முகூர்த்தம் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு ரயில் ஏறி வியாழனோ வெள்ளியோ திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது. காலாண்டு விடுமுறைக்கு ஜூலை கடைசியிலேயே உட்கார வேண்டும் என்று அர்த்தம். முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் இணைத்த கணக்கில் இருந்துதான் ஆன்லைனில் எடுக்க முடியும், அதனால் அந்த வேலையை முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். குழந்தைகளுக்கான கட்டணம் பலருக்குச் சரியாகத் தெரிவதில்லை: 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம், 5 முதல் 12 வயதுக்குள் இருந்தால் பெர்த் இல்லாமல் அரை டிக்கெட், பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். ஆறு வயதுப் பிள்ளை அம்மாவோடு ஒரே பெர்த்தில் படுத்துக்கொள்ளும் என்றால் அரை டிக்கெட் போதும். ஆனால் சேர் காரில் இந்த அரை டிக்கெட் வசதி கிடையாது, அங்கே ஐந்து வயது தாண்டிய குழந்தைக்கு முழுப் பணம்தான். சென்னையில் இருந்து வருகிறவர்கள் உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு ரயிலில் ஸ்லீப்பரில் வந்தால் ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம்.

இரவு ரயில் விடியும் முன்பே இறக்கிவிடும் என்பதால் லாட்ஜில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: செக் அவுட் 24 மணி நேரமா, இல்லை பகல் 12 மணியா? 12 மணி என்றால் அதிகாலையில் நுழைந்ததற்கே ஒரு நாள் வாடகை போய்விடும். 24 மணி நேரம் என்று சொல்கிற லாட்ஜ்கள் இங்கே இருக்கின்றன, தேடிப் பிடியுங்கள். எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு, எந்த வயது வரை குழந்தைக்குக் காசு இல்லை, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடக்கிற தூரத்தில் அறை இருந்தால் ஆட்டோச் செலவு பெருமளவு குறையும்.

சரி, எங்கெல்லாம் போவது? ஒரு நாளைக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதற்கு மேல் வைக்காதீர்கள். மதியம் கோயில்கள் எல்லாம் சாத்தியிருக்கும், அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடலாம்.

முதல் நாள் பக்கத்திலேயே இருக்கட்டும். டவுன் பஸ்ஸில் தாராசுரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அம்மாவுக்கும் மகளுக்கும் செலவே கிடையாது. கோயிலில் வரலாற்றுப் பாடம் எடுக்காதீர்கள், தேடச் சொல்லுங்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்கிற சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. முதலில் கண்டுபிடிக்கிறவருக்கு ஐஸ்கிரீம் என்றால் ஒரு மணி நேரம் அவர்களாகவே சுற்றுவார்கள். மாலையில் சுவாமிமலை, அங்கே ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளில் மரியாதையாகக் கேட்டால் மெழுகில் உருவம் பிடிப்பதைப் பார்க்க விடுவார்கள்.

இரண்டாம் நாள் தஞ்சாவூர், ரயிலில். காலையில் பெரிய கோயில். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது, உள்ளே போகக் கட்டணம் இல்லை. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள், பிள்ளைகளையே நிழலைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், விழும். கோயில் சாத்தும் நேரத்துக்கு அரண்மனைக்குப் போய்விடுங்கள், அது மதியமும் திறந்திருக்கும். அங்கே தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு இருக்கிறது, சிலைகளைப் பார்த்துச் சலித்த குழந்தைகள்கூட அதன் முன்னால் அப்படியே நின்றுவிடுவார்கள். தலையாட்டிப் பொம்மை வாங்குவதும் இங்கேதான். பொம்மைக்கென்று ஆளுக்கு ஒரு தொகையை முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள். தன் காசு என்றால் குழந்தை நான்கு கடை விசாரித்துத்தான் வாங்கும், கடை வாசலில் அழுகையும் இருக்காது.

மூன்றாம் நாளுக்கு கங்கைகொண்ட சோழபுரம். ஆனைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். பெரிய புல்வெளி, ஓடியாட இடம், கூட்டமும் குறைவு. என்னைக் கேட்டால் சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய கோயிலைவிட இதுதான் பிடிக்கும். ஆனைக்கரையில் இறங்கினால் கொள்ளிடம் அணையைப் பார்க்கலாம், ஆனால் அங்கே முதலைகள் உண்டு, பாலத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் பக்கம் யாரும் இறங்கவே கூடாது.

நான்காம் நாள் கடல். மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. கரையில் விளையாடலாம், குளிக்க வேண்டாம், அலை பலமானது. நிழல் குறைவு என்பதால் காலை சீக்கிரமே போய்விடுங்கள். முந்தின நாள் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் யோசிக்காமல் விட்டுவிட வேண்டிய நாளும் இதுதான்.

சாப்பாட்டுக்குத் தனித் திட்டம் தேவையில்லை. காலையில் ஹோட்டல் டிபன், டிகிரி காபி. மதியம் ஒரு பார்சல் சாப்பாடு வாங்கினால் இரண்டு பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போதும். வீட்டில் இருந்து கொண்டுபோக வேண்டியவை பெரிய தண்ணீர்க் குடுவை, ஓஆர்எஸ் பாக்கெட், காய்ச்சல் மருந்து, வெயில் தொப்பி, ஒரு வெற்று நோட்டு. அந்த நோட்டை மூத்த பிள்ளையிடம் கொடுத்து தினச் செலவை எழுதச் சொல்லுங்கள், எட்டு வயதில் இருந்தே அழகாகச் செய்வார்கள். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வையுங்கள். திரும்பும் டிக்கெட்டைப் போகும் டிக்கெட்டோடு சேர்த்து நினைக்காதீர்கள்: அதன் முன்பதிவு அதற்கேற்ற நாள் தள்ளித்தான் திறக்கும், அந்தத் தேதிக்கும் போனில் இப்போதே ஒரு அலாரம் வைத்துவிடுங்கள்.