ஒருங்கமை சமன்பாடுகளையும் சமனிலிகளையும் தீர்க்கும் முறை

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களின் கொப்பிகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். ஒருங்கமை சமன்பாடுகளில், அதாவது ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டிய இரு சமன்பாடுகளில், பிழைவிடுகிறவர்களுள் பெரும்பாலோருக்குத் தீர்க்கும் முறை தெரிந்தே இருக்கிறது. சமன்பாட்டுக்கு முன் எழுத வேண்டிய ஒரு வசனத்தை விட்டுவிடுவதும், கழிக்கும்போது மறைக் குறியைத் தவறவிடுவதும்தான் அவர்களுடைய புள்ளிகளைக் கொண்டுபோகின்றன. ஆகவே அந்த இரண்டு இடங்களிலும் சற்று நின்று செல்வோம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒருவர் மூன்று கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களும் இரண்டு தேங்காய்களும் வாங்கி 720 ரூபா கொடுக்கிறார். அடுத்து வந்தவர் அதே விலைப்படி இரண்டு மாம்பழங்களும் ஐந்து தேங்காய்களும் வாங்கி 1140 ரூபா கொடுக்கிறார். விலைகள் கணக்குக்காக நான் வைத்தவை. சந்தையில் போய் இந்த விலைக்குக் கேட்க வேண்டாம்.

முதலில் எழுத வேண்டிய வசனம் இதுதான்: "ஒரு மாம்பழத்தின் விலை ம ரூபா எனவும், ஒரு தேங்காயின் விலை த ரூபா எனவும் கொள்வோம்." பாடநூலில் ஆங்கில எழுத்துகள் இருக்கும், எந்த எழுத்தாக இருந்தாலும் அது ஓர் எண்ணின் இடத்தில் நிற்கிறது. "ம = மாம்பழம்" என்று எழுதுகிற பிள்ளை 3ம என்பதை மூன்று மாம்பழங்கள் என்று வாசிக்கிறது. அப்படி வாசித்தால் 3ம + 2த என்பது ஐந்து காய்கனிகள் கிடக்கும் ஒரு பையாகிவிடும். 720 ரூபாவுக்கும் அதற்கும் தொடர்பே இராது. 3ம என்பது மூன்று மாம்பழங்களுக்குக் கொடுத்த காசு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில், இப்படி எழுத்துகளைக் கொண்டு கணக்கிடும் அட்சரகணிதத்தை வீசகணிதம் என்றே எழுதினர். வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கறல் விசுவநாதபிள்ளையின் தமிழ் நூல் 1855இல் அந்தப் பெயரோடுதான் வந்தது. அங்கே வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கைக் குறிப்பதன்று. பீஜம் என்ற சொல்லின் தமிழ் வடிவம், அதாவது வித்து. எண் இன்னும் வெளிப்படாமல் எழுத்துக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சமன்பாடுகளை எழுதி இலக்கமிடுங்கள்.

3ம + 2த = 720 … (1)
2ம + 5த = 1140 … (2)

இருவரும் ஒரே எண்ணிக்கையான மாம்பழங்களை வாங்கியிருந்தால், அவர்கள் கொடுத்த தொகைகளுக்கு இடையிலான வித்தியாசம் முழுவதும் தேங்காயால் வந்ததாகவே இருக்கும். நீக்கல் முறையின் உயிர் இந்த ஒரு எண்ணத்தில்தான் இருக்கிறது. எனவே முதலாமவரை இரண்டு தடவையும் இரண்டாமவரை மூன்று தடவையும் சந்தைக்கு அனுப்புகிறோம்: (1)ஐ 2ஆல் பெருக்க 6ம + 4த = 1440; (2)ஐ 3ஆல் பெருக்க 6ம + 15த = 3420. கழித்தால் 11த = 1980, ஆகவே த = 180. இதை (1)இல் பிரதியிட 3ம = 720 − 360 = 360, ஆகவே ம = 120. பெருக்கும்போது வலப்பக்கத்து எண்ணையும் பெருக்க மறக்கக் கூடாது.

விடையைச் சரிபார்க்கும்போது, பிரதியிடுவதற்குப் பயன்படுத்தாத சமன்பாட்டையே எடுக்க வேண்டும். த இன் பெறுமானம் பிழையாக இருந்தாலும் (1) பொருந்தவே செய்யும், ஏனெனில் ம அதிலிருந்தே பெறப்பட்டது. (2)இல் இட்டுப் பார்க்க 240 + 900 = 1140; சரி. இந்த நீக்கல் முறைக்கு ஜேர்மானியக் கணிதவியலாளர் கௌஸின் பெயர் வழங்கினாலும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த சீனக் கணித நூலொன்றிலேயே அது இருக்கிறது.

மறைக் குறியின் தொல்லை பின்வருவது போன்ற இடத்தில் வரும்.

4க − 3ச = 6
4க + 2ச = 16

மேலிருந்து கீழைக் கழிக்கையில் −3ச − 2ச = −5ச என வர வேண்டும்; பலர் −ச என எழுதிவிடுகிறார்கள். கீழ்ச் சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பினதும் குறியை மாற்றி, −4க − 2ச = −16 என்று முழுமையாக எழுதிவிட்டுக் கூட்டுங்கள். ஒரு வரி கூடுதலாகப் போகும், பிழை போய்விடும். −5ச = −10, ஆகவே ச = 2, க = 3.

ஏதாவது ஒரு தெரியாக்கணியத்தின் குணகம் (அந்த எழுத்தைப் பெருக்கி நிற்கும் எண்) 1 ஆக இருந்தால், அந்த எழுத்தை எழுவாயாக்கி, அதாவது ஒரு பக்கத்தில் தனியே நிறுத்தி, மற்றச் சமன்பாட்டில் பிரதியிடுவது சுருக்கமான வழி. வேறு இடங்களில் அம்முறை பின்னங்களையே கொண்டுவரும். அங்கே நீக்கலே மேல்.

எல்லாச் சோடிகளுக்கும் ஒரேயொரு தீர்வு கிடைக்கும் என்றில்லை. இன்னொருவர் ஆறு மாம்பழங்களும் நான்கு தேங்காய்களும் வாங்கி 1500 ரூபா கொடுத்ததாகச் சொன்னால், (1)இன் இரு மடங்கை அதிலிருந்து கழிக்க 0 = 60 என வரும். இரு சமன்பாடுகளையும் வரைபில் வரைந்தால் வரும் கோடுகள் சமாந்தரமானவை, தீர்வு இல்லை; அதாவது இருவருக்கும் ஒரே விலை சொல்லப்படவில்லை. 1440 என்று சொல்லியிருந்தால் 0 = 0 என வரும்; அது பழைய செய்தியே என்பதால் எண்ணற்ற தீர்வுகள் இருக்கும்.

சமக் குறிக்குப் பதிலாகப் பெரிது, சிறிது என்னும் குறிகள் வரும் சமனிலிகளில் நடைமுறை பெரும்பாலும் இதேதான், ஓர் இடத்தைத் தவிர: மறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ சமனிலிக் குறி திரும்பும். 3 < 5 ஆயினும் −3 > −5. ஐயாயிரம் ரூபா கடன்பட்டவரைவிட மூவாயிரம் கடன்பட்டவர் நல்ல நிலையில் இருப்பதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது. ஆகவே −2வ ≥ −10 எனின் வ ≤ 5.

யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் எட்டுப் பரப்புக் (பரப்பு என்பது அங்கு காணியை அளக்கும் அலகு) காணியுள்ள ஒருவர் வெங்காயத்தை வ பரப்பிலும் உருளைக்கிழங்கை உ பரப்பிலும் நடுகிறார் என்போம். பரப்பொன்றுக்கு வெங்காயத்துக்கு 6 ஆள்நாட்களும் கிழங்கிற்கு 4 ஆள்நாட்களும் தேவை (ஓர் ஆள்நாள் என்பது ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை). கிடைப்பது 40 ஆள்நாட்கள் மட்டுமே என்றும் கொள்வோம்.

வ + உ ≤ 8
3வ + 2உ ≤ 20
வ ≥ 0, உ ≥ 0

இரண்டாவது சமனிலி 2ஆல் வகுக்கப்பட்டுள்ளது. கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் மறைப் பரப்பில் வெங்காயம் நடவும் கணக்கு இடங்கொடுக்கும்.

வரைபுத்தாளில் முதலில் சமக் குறியோடு கோடுகளை வரையுங்கள். 3வ + 2உ = 20 இற்கு உ = 0 எனக் கொண்டால் 6⅔ என்ற, குறிக்கச் சிரமமான எண் வரும்; அதைவிட, (வ, உ) என்ற வரிசையில் (0, 10), (2, 7), (4, 4) ஆகிய புள்ளிகளைக் குறித்து அடிமட்டத்தை வைப்பது நல்லது. மூன்றாவது புள்ளி கோட்டில் விழாவிட்டால் எங்கோ பிழை. சமனும் சேர்ந்த குறிக்கு முழுக் கோடு, சேராததற்கு முறிகோடு. பின்னர் (0, 0)ஐ இட்டுப் பாருங்கள்: 0 ≤ 20 உண்மை, ஆகவே உற்பத்திப் புள்ளியான (0, 0) இருக்கும் பக்கமே வேண்டியது. கோடு உற்பத்தியினூடாகச் சென்றால் வேறொரு புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வினாவில் வேறு விதமாகக் கேட்கப்படாதவிடத்து, வேண்டாத பக்கத்தையே நிழற்றுமாறு நான் சொல்வதுண்டு. நான்கு சமனிலிகளையும் நிழற்றிய பின் தீர்வுப் பிரதேசம் வெள்ளையாக மிஞ்சும். எந்தப் பக்கம் நிழற்றப்பட்டது என்பதை அருகில் எழுதிவிடுங்கள்.

மிஞ்சுவது ஒரு நாற்பக்கல். அதன் உச்சிகள் (0, 0), (6⅔, 0), (4, 4), (0, 8). (4, 4) என்ற உச்சி, இரு எல்லைக் கோடுகளையும் ஒருங்கமை சமன்பாடுகளாகத் தீர்த்தால் கிடைப்பது. பரப்பொன்றுக்கு வெங்காயத்தில் 25,000 ரூபாவும் கிழங்கில் 20,000 ரூபாவும் இலாபம் வருமானால், உச்சிகளை மட்டும் சோதித்தால் போதும்: (0, 8)இல் 160,000, (6⅔, 0)இல் ஏறத்தாழ 166,667, (4, 4)இல் 180,000. நான்கு பரப்பு வெங்காயம், நான்கு பரப்பு கிழங்கு என்பதே விடை. வெங்காயத்தின் இலாபம் 30,000 ஆக உயர்ந்தால் (4, 4)இலும் (6⅔, 0)இலும் 200,000 வரும். அப்போது அவ்விரு உச்சிகளையும் இணைக்கும் விளிம்பிலுள்ள எல்லாப் புள்ளிகளும் சம இலாபம் தருவன. ஆகவே ஒரு புள்ளியை மட்டும் விடையாக எழுதாமல், விளிம்பு முழுவதையும் விடையாக எழுத வேண்டும்.