சொறிமுட்டையைப் பதிவு செய்வோர் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

கரையில் ஒதுங்கிய சொறிமுட்டையை (ஜெல்லி மீனை) படம் எடுத்து, கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். அந்தப் பதிவு குளிக்க வருவோருக்குப் பயன்படுமா என்பது வேறு விஷயம்.

பெரிய கோளாறு, கண்ட நாளை மட்டும் எழுதுவது. ஞாயிறு மாலை மெரினாவில் கூட்டம். பதிவுகளும் அன்றுதான் குவியும். தரவைப் பார்த்தால் சொறிமுட்டை விடுமுறை பார்த்து வருவதுபோல் இருக்கும்! புதன்கிழமை யாரும் நடக்கவில்லையா, நடந்தும் ஒன்றும் தென்படவில்லையா என்று தெரியாது. வாரம் இரண்டு நாள், ஒரே நேரத்தில், ஒரே 500 மீட்டரை அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டை ஒட்டி நடங்கள். ஒன்றுமில்லையென்றால் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். நடந்த நிமிடங்களையும் காற்றுத் திசையையும் சேருங்கள்; மிதவை இனங்களைக் கரைக்குத் தள்ளுவது காற்றுதான். ஐநேச்சுரலிஸ்ட்டில் பூஜ்ஜியத்துக்கு இடமில்லை, தனியாக ஒரு கூகுள் படிவம் வேண்டும். எண்ணிக்கைக்கு 1, 2–10, 11–100, 100க்கு மேல் என்ற படிகள் போதும், 'ஏகப்பட்டது' உதவாது.

அடுத்தது, நீலமாகக் கிடப்பதையெல்லாம் ஒன்றாக்குவது. பைசாலியா காற்றடைத்த நீல-ஊதாப் பை, நீண்ட இழைகளோடு. கொட்டினால் கடும் வலி. போர்பிட்டா பத்து ரூபாய் நாணயம் போன்ற தட்டை வட்டம், ஓரத்தில் குட்டை இழைகள். பெரும்பாலும் லேசான அரிப்போடு போய்விடும். கறாராகச் சொன்னால் இரண்டுமே ஜெல்லி மீன் இல்லை. கொட்டு வாங்கியவருக்கு அதில் ஆறுதலும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகன், பைசாலியாவைத் தின்று அதன் கொட்டும் செல்களைச் சேர்த்துவைக்கும் கடல் நத்தை.

மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுங்கள். அளவுக்கு நாணயம் வைக்காதீர்கள்: திரும்ப எடுக்கக் கை போகும், இழை மணலுக்குள் ஓடியிருக்கும், செத்துக் காய்ந்த பிறகும் கொட்டும். 30 செ.மீ. ஸ்கேலை ஒரு முனையில் பிடித்து நீட்டுங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இடமும் நேரமும் அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து ஏற்றுபவர் அண்ணா நகரில் சொறிமுட்டையைக் குறித்துவைப்பார்.

பதிவு இல்லை என்பதற்காகக் கடலில் இறங்கலாம் என்று சொல்லாதீர்கள். பைசாலியா மாதிரி தெரிந்தால் இனம் உறுதியாகும்வரை காத்திராமல் அங்கேயே காவலர்களிடமோ உயிர்காப்பாளர்களிடமோ சொல்லுங்கள். எச்சரிக்கையோடு 'வினிகர் ஊற்றவும்' என்று சேர்த்து அனுப்பாதீர்கள். அது பெட்டி ஜெல்லி மீன் என்ற வேறு வகைக்கான முதலுதவி. பைசாலியாவுக்கு ஆஸ்திரேலிய வழிகாட்டுதல் சொல்வது, கடல்நீரில் கழுவி இழைகளை அகற்றி, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் 20 நிமிடம்.